அஞ்சலை அக்கா சொல்லாதே என்றது

உயிரியல் செய்முறை ஏட்டில் தண்டுவடத்தை வரைந்துகொண்டிருந்தபோது அம்மாவின் கைபேசி ஒலித்தது. கரும்புவெட்டுக் குழுவின் மேஸ்திரியம்மா பேசினார். "நம்ம அஞ்சலை ஆஸ்பத்திரியிலயே பூட்டா. சாயந்திரம் எடுக்கறாங்க." அதன் பிறகு என்னால் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை.

கச்சிராயபாளையத்துக் கழனிகளில் அவரோடு கரும்பு வெட்டி, இன்று அவர் படத்தின் முன் கூடியிருக்கும் உங்களுக்கு அவர் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் மேகம் இறங்கினால், "மலையே முக்காடு போட்டுக்கினு தூங்குது. எனக்கு மட்டும் இன்னா, லீவு இல்லையா?" என்பார். எங்களுக்குப் பக்கத்து வீடு.

போன வெட்டில், கரும்புக்கட்டோடு லாரிப் பலகையில் ஏறும்போது வழுக்கி விழுந்தார். சுளுக்கு எடுப்பவரிடம் போய்வந்தார். இடுப்பு வலி நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை குழாயடியில் என்னிடம் குனிந்து சொன்னார்:

"பாப்பா, ஒரு கூத்து கேளு. ரெண்டு நாளா ஒண்ணுக்கு வர்றதே தெரியல. கரும்புக்குள்ள ஒதுங்கற தொல்லையே வுட்டுச்சு."

"தண்ணி கம்மியா குடிச்சிருப்பீங்க."

"குடிச்சேன்டி. உக்கார்ற எடம் வேற மரத்துக்கினு இருக்குது, யாரோ ஊட்டு ஒடம்பு மேல உக்காந்தாப்ல. உங்க மாமா காதுல போட்டுடாத."

ஒதுங்க இடமில்லாததால் தாகத்தையும் அடக்கிக்கொண்டு வெட்டுகிறவர்கள் நீங்கள். அதனால் அக்கா அதை நல்லது என்றே நினைத்தார். நானும் சிரித்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மூன்றாம் நாள் கால் துவண்டு விழுந்தார். சேலை நனைந்தது அவருக்கே தெரியவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நரம்புகள் குதிரைவாலைப் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. காலை அசைப்பதும், உட்காரும் இடத்தின் உணர்வும், சிறுநீர்ப்பை நிறைந்தது தெரிவதும் அவற்றால்தான். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி அந்தக் கற்றையை நசுக்கியிருந்தது.

"ஒண்ணுக்கு வர்றது எப்பலேருந்து தெரியல?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலைலேருந்துதாம்மா" என்றார் மாமா. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. கால்கள் ஓரளவு திரும்பின, சிறுநீர்ப்பை திரும்பவில்லை. சிறுநீர்க் குழாயோடு படுத்திருந்தவர் ஒருநாள், "உம் புக்குல என் நரம்பு இருக்குதா பாப்பா?" என்று கேட்டார். என் பாடப்படம் இடுப்போடு நின்றுவிடுகிறது; அந்தக் கற்றை அதில் இல்லை. "இருக்குதுக்கா" என்றேன். "அப்போ பரீட்சையில என்னை நல்லா எழுது" என்றார். அறுவை சிகிச்சை முடிந்த பத்தாம் மாதம், அந்தக் குழாய்வழிக் கிருமி சிறுநீரகம்வரை ஏறி அவரைக் கொண்டுபோய்விட்டது.

"அன்னிக்கே கூட்டிக்கினு ஓடினேனே, அப்படியும் காப்பாத்த முடியலையே" என்று மாமா இன்றும் அழுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது குழாயடியில் அவர் சொன்ன அந்த வார்த்தைகளைத்தான். இடுப்பு வலியோடு சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெட்கப்படாதீர்கள், ஆண்கள் எதிரிலேயே சொல்லுங்கள்.

மாமா, நீங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்று காலையிலிருந்து இல்லை மாமா. ஐந்து நாளாகவே அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கு அது அப்போதே தெரியும்.