கால் எச்பி பம்ப்

சகலையின் புதுவீட்டில் முதன்முதலாகக் குளித்த அன்றே எனக்கு வயிறு எரிந்தது. சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஒரே வேகத்தில் கலந்து, மார்கழிக் குளிருக்கு இதமாக முதுகில் இறங்கின.

"ரண்டையும் சமமாத் தள்ளறதுக்கு ஒரு பம்பு போட்டிருக்கறனுங்க. கால் எச்பிதானுங்க" என்றார். அலட்டிக்கொள்ளவே இல்லை. அலட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

நான் நாமக்கல்லில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். மோட்டார் பெரிதாக இருந்தால் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதுதான் என் படிப்பு. என் வீட்டுக்கு ஒரு எச்பி பம்பாகவே வாங்கிவந்தேன்.

"சுடுதண்ணி லைனையும் சேத்தித்தான் குடுக்கோணுமுங்க" என்றார் பிளம்பர்.

"சோலார் தண்ணி மாடியிலிருந்து தானா எறங்குது. பச்சத்தண்ணிக்கு மட்டும் போடுங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஷவரைத் திறந்தேன். பச்சைத்தண்ணீர் சாட்டையாய் அடித்தது. சுடுதண்ணீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த மனைவி அங்கிருந்தே கத்தினாள்: "ஏனுங்க, சோலார் டேங்க்குல சுடுதண்ணி பொங்கி ஊத்துதுங்க!" ஷவரில் இரண்டும் கலக்கும் இடத்தில் என் பம்ப் பச்சைத்தண்ணீரைச் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் ஏற்றி, வர வேண்டியதை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி வெளியே வந்தேன். மனைவி கையில் போனோடு இறங்கி வந்தாள்.

"அக்கா கேக்கறாங்க, நம்ம பம்பு எப்படி இருக்குதுன்னு."

பல் தந்தியடித்தது. கடித்துக்கொண்டு சொன்னேன்: "அவிங்களுதுக்கு நாலு மடங்குன்னு சொல்லு."