ராக் அக்காவும் ஒரு சாம்பல் நிற வயரும்

உள்ளங்கையை கம்ப்யூட்டர் சர்வரின் முதுகில் வைத்தபடி நிற்கிறார் ராக் அக்கா. எந்தப் பெட்டி எவ்வளவு சூடு என்று காட்ட மேலே ஒரு திரை இருக்கிறது. அவருக்கு அது போதாது. "திரை ஆயிரம் சொல்லும். தொட்டுப் பாத்தாத்தான் மனசு கேக்குது" என்பார். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் தொட்டு முடித்து, "எல்லாருக்கும் உடம்பு நல்லாருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் காலை டீக்கே போவார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக் கோடியில், ஜன்னலில்லாத குளிர் அறையில், பதினோரு வருடமாக ஸ்வெட்டரும் டார்ச்சுமாக இருக்கிறார். அறையில் நிற்பது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஓர் இரும்பு ராக். அதன் மேல்தட்டில் கற்றை கற்றையாக நீல வயர்களை விழுங்கும் நெட்வொர்க் சுவிட்சுகள். நடுவில் தட்டைத் தட்டையாக ஏழு சர்வர்கள். அவற்றுக்குக் கீழே டிஸ்க்குகள் செருகிய பெட்டி, அடியில் கனத்துக் கிடக்கும் இரண்டு யுபிஎஸ். ராக்கின் பின்புறம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக, வரிசையாகப் பிளக் செருகும் இரண்டு பவர் ஸ்ட்ரிப்புகள் நிற்கின்றன. இடதுக்கு ஒரு யுபிஎஸ், வலதுக்கு இன்னொன்று. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு மின்வயர், பக்கத்துக்கு ஒன்று. "ஒரு கால் தடுக்குனாலும் இன்னொரு கால்ல நிக்கணும்ல" என்று அதற்கு விளக்கம் சொல்வார்.

வயரின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டாவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வராது. வீட்டில் மிக்சி, இஸ்திரிப்பெட்டி, மகளின் சார்ஜர் எதுவும் தப்பவில்லை. ஒருநாள் அவர் கணவர் தன் மணிக்கட்டில் தானே ஒரு லேபிளை ஒட்டிக்கொண்டு வந்து, "என்னை எங்க செருகணும்னு சொல்லிட்டா நானும் நிம்மதியா இருப்பேன்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு முனைக்குத்தான ஒட்டிருக்கீங்க" என்றார்.

மற்றவர்கள் ஒட்டிய லேபிளை அவர் நம்புவதே இல்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே போய், மறுமுனையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். தன் கையெழுத்தில் இருக்கும் லேபிள் மட்டும் விதிவிலக்கு. அதைப் படித்தால் போதும், தடவ வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணன் ஐம்பது தாண்டியவர், பேச்சு குறைவு, வேலை வேகம். கைக்குக் கிடைத்த வயரைக் கைக்குக் கிடைத்த இடத்தில் சுருட்டி, மஞ்சள் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அக்கா பின்னாலேயே வந்து அதை அவிழ்த்து, சீவிச் சிங்காரித்து மறுபடி கட்டுவார். "அந்த மனுஷன் கட்டுனா, அவிழ்க்க ஒரு நாள் லீவு போடணும்" என்று நர்சுகளிடம் புலம்புவது உண்டு. அண்ணனின் காதுக்கும் அது போகும். அவர் சட்டை செய்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இடது யுபிஎஸ்ஸின் பேட்டரியை மாற்ற வேண்டும். அதற்கு இடப்பக்க ஸ்ட்ரிப்பை நிறுத்த வேண்டும். கீழே ஆபரேஷன் தியேட்டரில் ஒருவருக்கு முதுகெலும்பில் அறுவை நடந்துகொண்டிருந்தது. சுவரில் மாட்டிய திரையில் தெரியும் ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் கத்தி வைக்கிறார். படம் வருவது ராக்கின் நாலாவது சர்வரிலிருந்து. அது ஒருமுறை அணைந்தால் எழுந்து வர இருபத்தைந்து நிமிடம். வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளலாமா என்று தியேட்டர் நர்ஸ் காலையிலேயே கேட்டிருந்தாள். சாயங்காலமும் அங்கே இன்னொருவர் படுத்திருப்பார் என்று அக்காவுக்குத் தெரியும். "ஒரு நொடிகூடப் படம் போகாதும்மா. நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மற்றவர்கள் மாட்டிய வயர்களையெல்லாம் முனைவரை தடவிப் பார்த்தார். நாலாவது சர்வர் அவரே மாட்டியது. அதன் முதுகிலிருந்த லேபிள்களைப் படித்தார். ஒன்றில் இடது, ஒன்றில் வலது. திருப்தியாக ஸ்ட்ரிப்பை அணைத்தார். விசிறிகளின் சத்தம் ஒரு கணம் ஏறி இறங்கியது. ஏழு சர்வரும் அசையாமல் ஓடின.

டார்ச் அடித்துப் பின்பக்கத்தைச் சரிபார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. நாலாவது சர்வரின் கறுப்பு வயரோடு ஒரு சாம்பல் நிற வயரைச் சேர்த்து, இணைப்பில் மஞ்சள் டேப்பைச் சுற்றி, நீல வயர்க் கற்றைக்குப் பின்னால் ஒளிந்தாற்போல ராக்கின் குறுக்கே வலப்பக்கம் கொண்டுபோயிருந்தது. "இங்கயும் கை வச்சிட்டாரா!" என்று அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கறுப்பு வயரைக் கையில் எடுத்தார். நீட்டிப் பார்த்தார். அது வலப்பக்கம் எட்டவே எட்டாது.

சர்வர் வந்த நாள் ஞாபகம் வந்தது. நீள வயர் வந்து சேரவில்லை. லேபிள்களை வழக்கம்போல முதலிலேயே ஒட்டிவைத்திருந்தார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு வயரையும் இடப்பக்கத்திலேயே செருகினார். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு அந்த நாளை வரவே இல்லை. கறுப்பு வயர் தன் பழைய இடத்திலேயே இருந்திருந்தால், இந்நேரம் தியேட்டர் திரை இருட்டாகியிருக்கும். அக்கா பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது. தியேட்டர் நர்ஸ். அக்காவுக்கு எடுக்கவே பயமாக இருந்தது.

"அக்கா, படம் நல்லாத் தெரியுது. நீங்க எப்ப நிறுத்தப் போறீங்க? டாக்டர் கேக்குறாரு."

"நிறுத்தியாச்சும்மா" என்றார் அக்கா. குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

போனை வைத்ததும் கண் நிறைந்துவிட்டது. பெருமூச்சு விட்டார், சிரித்தார், மறுபடி கண்ணைத் துடைத்தார். யாரோ ஒருவரின் முதுகெலும்பு தப்பித்தது. தான் தப்பித்ததும் அதோடுதான் என்று அவருக்குப் புரிந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் புது பேட்டரியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த சாம்பல் வயரு நீங்க போட்டதாண்ணே?"

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஆமா. போன வருஷம் டியூப்லைட் மாத்த வந்தப்ப பாத்தேன். ரெண்டு வயரும் ஒரே பக்கம் கெடந்துச்சு. ஒண்ணை அந்தப் பக்கம் இழுத்துவிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா டேப்பு சரியில்ல, கட்டு சரியில்லன்னு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பீங்க மேடம். கீழ தண்ணி மோட்டார் வேற நின்னு போயிருந்துச்சு."

அக்கா அவர் எதிரிலேயே தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். "சார், நாலாவது சர்வர்ல வயரை நான்தான் தப்பா செருகிருந்தேன். அண்ணன் பாத்து சரிபண்ணலைன்னா இன்னைக்குத் தியேட்டர்ல படம் போயிருக்கும். ஆமா சார், என் தப்புதான். இன்னைக்கே எல்லா வயரையும் தடவிப் பாத்துடுறேன், என்னோடதையும் சேத்து." அண்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது. பேட்டரிப் பெட்டியைப் பிரிப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேட்டரியை உள்ளே தள்ளிவிட்டு அண்ணன் ராக்கின் அடியில் தலையை நுழைத்தார். "கொஞ்சம் லைட்டக் காட்டுங்க மேடம்." அக்கா முட்டி போட்டு டார்ச்சைப் பிடித்தார். அண்ணன் புது வயர்களை ஒரே அள்ளாக அள்ளிச் சுருட்டி, மேலே மஞ்சள் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் கட்டு நழுவியது. அக்கா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அந்தச் சுருட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கொடுத்தார்.