கேப்டனுக்குப் போர்த்திய கொடி

பீரோவின் கீழ்த்தட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தேன். பழைய பட்டுப்புடவை ஒன்றை உதறியதும் அந்துருண்டை ஒன்று உருண்டு விழுந்தது. கரைந்து கரைந்து மிளகு அளவுதான் மிச்சம். ஆனால் அந்த வாசம் இருக்கிறதே! தும்மல் வர வேண்டிய இடத்தில் எனக்கு ரஞ்சிதம் சிஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. குடியிருந்தது ராஜபாளையத்தில், சிஸ்டர் வீட்டு முன்பக்க அறையில். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் யாராவது ஒருத்தர் மடியில் பால்கோவா பொட்டலம் இருக்கும். பசியோடு அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றுகொண்டு வருவது ஒரு தண்டனை. அதை ஒரு நாள் சொல்லி அழாத குறையாகப் புலம்பியதிலிருந்து, நான் வரும்போது சிஸ்டர் இரண்டு இட்லி மூடி வைத்திருப்பார்.

அறுபது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, வெள்ளைக் காட்டன் புடவை, மடிப்பு ஒன்று கலைந்திருக்காது. தெருவுக்கு அவர் ‘ஊசி போடுற நர்ஸம்மா’. எனக்கும் ரொம்ப நாள் அவ்வளவுதான். மஞ்சள்காமாலையில் நான் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தபோதுதான் மெதுவாக வாய் திறந்தார். ராணுவ நர்ஸாக இருபது வருஷம். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் கிழக்கு எல்லையில் கூடார ஆஸ்பத்திரி. குண்டுச் சத்தத்தில் மருந்துக் குப்பிகள் தானாக நடந்து மேஜையிலிருந்து விழுமாம். ஒரு கையால் குப்பிகளை அணைத்துக்கொண்டு மறு கையால் காயத்தைப் பொத்தியிருக்கிறார்.

“பயமா இல்லையா சிஸ்டர்?”

“ஏட்டி, பயப்பட நேரம் வேணும்லா? அது இல்ல.”

அந்த வாரத்தில்தான் அதையும் சொன்னார். “ஏட்டி, நா போனா கொடி போத்தச் சொல்லு. பட்டாளத்துல இருந்தவனுக்கெல்லாம் இங்க போத்துதாவல்ல?”

வாய் நிறைய ரசஞ்சோறு. “சரி சிஸ்டர்” என்றேன். இருபத்துநாலு வயதில் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டோம்?

மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில் வழக்கமான ரேடியோ சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். தூக்கத்திலேயே போயிருந்தார். எனக்குப் பிணம் என்றால் பயம். அன்றைக்கு வாசற்படியைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்தது நானா என்று இப்போதும் ஆச்சரியம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிஸ்டரின் தம்பி மகன் கணேசன் வந்தார். வீட்டை விட்டுப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த பெண் என்று குடும்பம் சிஸ்டரை ஒதுக்கியிருந்தது. கணேசன் கெட்டவர் இல்லை, சீக்கிரம் முடிய வேண்டும் அவருக்கு. “பதினோரு மணிக்கு எடுத்துருவோம்” என்றார். அப்போது மணி எட்டரை.

பட்டாளத்தார் சங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஓடினேன். தலைவர் சுப்பையா, ஓய்வுபெற்ற ஹவில்தார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

“பாவம், நல்ல மனுசி. ஆனா தாயி, ஆஸ்பத்திரில ஊசி போட்டவியளுக்குக் கொடி போத்துற வழக்கம் இல்ல. சண்டைக்குப் போனதுக்குப் பேப்பர் எதும் இருந்தா கொண்டா, பாப்போம்.”

பேப்பர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கடியில் கறுப்புத் தகரப் பெட்டி. பூட்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை.

“கருமாதி முடியட்டும், நாலு பேரு முன்னால தொறப்போம்” என்றார் கணேசன். நகை நட்டு இருந்து பின்னால் பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற கவலை. நியாயந்தான். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டு இரும்புக்கடை காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்தது சிஸ்டர்தான். கடைக்குப் போய் ரம்பத்தோடு வந்தார்.

“தம்பி, நாலு பேருதான வேணும்? எண்ணிக்கோங்க, ஒம்பது பேரு நிக்கோம்.”

பூட்டு அறுந்தது. மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசம் அறையெல்லாம் பரவியது. நகை இல்லை. மடித்த ராணுவ உடுப்பு, ஒரு பதக்கம், காக்கி உறையில் காகிதங்கள், ஒரு போட்டோ. சேற்றில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, கூடாரத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கியபடி சிஸ்டர்.

உறையை மட்டும் எடுத்துப்போனால் போதும். பதற்றத்தில் எனக்கு அது தோன்றவில்லை. பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பிறகு யோசித்தால் அதுதான் நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் ஹவில்தார் காகிதத்தைத் தொடவே இல்லை. உடுப்பின் தோளில் கை வைத்தார். மூன்று நட்சத்திரங்கள். ஒவ்வொன்றாக விரலால் தடவினார். எழுந்து நின்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“கேப்டன்! நா வெறும் ஹவில்தார் தாயி. இம்புட்டு வருசமா வழியில பாத்தா, ‘என்ன நர்ஸம்மா, சௌக்கியமா’ன்னு கேட்டுக்கிட்டே சைக்கிள்ல போயிருக்கேன். அவிய சிரிச்சுக்கிட்டே போவாவ. ஒரு தடவையாச்சும் சொல்லிருக்கலாம்லா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார். “ஏலே, கொடிய எடுங்கலே! மெடலக் குத்திக்கிட்டு எல்லாரும் வாங்க!”

நான் திரும்பியபோது பாடையைத் தூக்கிவிட்டார்கள். சங்கு ஊதியாயிற்று. காதர் பாய் தெருமுனையில் வண்டி மறிப்பதுபோல் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். “செத்த நேரம் பொறுங்க, செத்த நேரம்” என்று கெஞ்சிக்கொண்டே. கணேசன் முகம் கடுகடுத்தது. இன்னும் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டார்கள் என்று தோன்றியபோது சைக்கிள் மணிகள் கேட்டன.

வேட்டி சட்டையில் மெடல் குத்திய எட்டுக் கிழவர்கள், முன்னால் ஹவில்தார். பாடையை இறக்கச் சொல்லிக் கொடியைப் போர்த்தி, ஓரங்களைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்கள். “ஸாவ்தான்!” என்று அவர் பட்டாளத்து இந்தியில் ‘அட்டென்ஷன்’ குரல் கொடுத்ததும் தெருவே நிமிர்ந்தது. பியூகிள் ஊதியவர் பல்செட்டை அவசரத்தில் மறந்துவிட்டு வந்திருந்தார். பாதிக் காற்று ஓரமாகப் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. பியூகிள் ஓயும்வரை ஹவில்தார் சல்யூட் அடித்த கையை இறக்கவில்லை.

கணேசன் என் பக்கத்தில் வந்தார். “அத்த கேப்டனா? பட்டாள ஆஸ்பத்திரில ஆயா வேலைன்னுல்லா எங்க வீட்டுல சொன்னாவ.” பாடையை மறுபடி தூக்கும் முன் கொடியை மடித்து அவர் கையில்தான் கொடுத்தார்கள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் சின்னப்பிள்ளைபோல அழுதார். எனக்குத் தந்திருக்கலாமே என்று ஒரு நொடி பொறாமை வந்தது. வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்தேன். மூன்று வருஷமாக ஒரு ‘சரி’ என் தலையில் உட்கார்ந்திருந்தது என்பது அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு தூக்கம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த மாதம் சங்கத்துக்குப் போனேன். சுவரில் உறுப்பினர் பெயர்ப்பலகையை அழித்து எழுதியிருந்தார்கள். பதவி வரிசைப்படி முதல் பெயர், கேப்டன் ரஞ்சிதம். ஹவில்தார் சுப்பையா தன்னை இரண்டாவதாக இறக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் இல்லை. சிஸ்டர் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி துணிக்கடை. ரோடு அகலப்படுத்தியபோது சங்கக் கட்டடம் போயிற்று, பலகையும் போயிற்று. சைக்கிளில் வந்த அந்த ஒன்பது பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள். போனவருக்குக் கொடி போர்த்த மிச்சமிருந்தவர்கள் வந்தார்கள். கடைசியாகப் போனவருக்கு யார் போர்த்தினார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.