கடவாய்ப்பல்லும் ஒரு தட்டு முறுக்கும்

கீழ்வரிசையில் வலது பக்கம், கடைசிக்கு முந்தைய கடவாய்ப்பல். அதைக் காப்பாற்ற நான் ஐந்து மாதம் அலைந்தேன். புக்கிட் ரம்பாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் லீவு கேட்டாலே சூப்பர்வைசரின் முகம் சுருங்கும். “மறுபடியும் பல்லா?” என்பார். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பேன். அரசாங்கப் பல் கிளினிக்கில் காலை ஏழு மணிக்கே போய் நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்பேன். நான்கு தடவை வேரைச் சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். மேலே உறை மாதிரி கேப் போடுவதற்குத் தீபாவளி முடிந்து இரண்டாவது வாரத்தில்தான் தேதி கிடைத்தது.

பல் டாக்டர் இளவயது மலாய்ப் பெண். கேப் போடும்வரை அந்தப் பல் முட்டை ஓடு மாதிரி, இடது பக்கமாகவே மென்று சாப்பிடுங்கள் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். நான் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து, “காக்காக், முறுக்கு ஜாங்ஙான் லா!” என்றார். முறுக்கு வேண்டாம் அக்கா என்று ஒரு மலாய்க்காரப் பெண்ணுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. என் வீட்டு மனிதர்களுக்குத் தெரியவில்லை.

தீபாவளியன்று மதியம் பெம்பானுக்குப் போனோம். என் கணவரின் அக்கா அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். போய் உட்கார்ந்ததுமே பலகாரத் தட்டு வந்தது. நெய் உருண்டை ஒன்றை எடுத்து இடது பக்கம் ஒதுக்கி மெல்லக் கரைத்தேன். அண்ணி விடவில்லை.

“ஏன், எங்க வீட்டு முறுக்கு எறங்காதா?”

“பல்லுக்கு மருந்து வச்சிருக்காங்க அண்ணி. கேப் போட்டதும் சாப்பிடுறேன்.”

“ரெண்டு நாளா அடுப்புல நின்னு சுட்டேன். டவுன்ல இருக்கிறவங்களுக்கு நம்ம பலகாரம் எல்லாம் இப்ப புடிக்க மாட்டேங்குது லா.”

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். அப்போது என் கணவர் திரும்பிப் பார்த்தார். கிளினிக்குக்கு நான்கு தடவை என்னைக் காரில் கொண்டு போய் விட்ட அதே மனிதர். “ஒன்னு கடிச்சா செத்தா போயிருவ? அக்கா ஆசையா குடுக்குதுல்ல” என்றார்.

கடித்தேன். இடது பக்கமாகத்தான் கடித்தேன். ஆனால் அவமானத்தோடு மெல்லும்போது எந்தப் பக்கம் என்று யார் பார்க்கிறார்கள்? ஒரு துண்டு வலது பக்கம் நழுவியது. ‘டக்’ என்று காதுக்குள் கேட்டது. கழிவறைக்குப் போய் டிஷ்யூவில் துப்பினேன். முறுக்கு மாவோடு வெள்ளையாக ஒரு கால்வாசிப் பல். வெளியே வந்து காட்டியபோது யாரோ, “பரவாயில்ல, இன்னும் முப்பத்தொன்னு இருக்கு” என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தீபாவளி லீவு முடிந்து கிளினிக் திறக்கும்வரை கஞ்சி குடித்தேன். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிளவு வேர்வரை இறங்கிவிட்டது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையுறையை மாற்றிக்கொண்டு ஊசியை எடுத்தார், அவ்வளவுதான்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினேன். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசாமல் இருந்ததைச் சமாதானம் என்று நினைத்து என் கணவர் பேசிக்கொண்டே வந்தார். “பின்னாடிப் பல்லுதானே, யாருக்குத் தெரியப் போவுது?” என்றார். அலோர் காஜா சிக்னலில் கார் நின்றது. ரத்தம் ஊறிய பஞ்சை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் எனக்குத் தெரியும். உங்க அக்கா மொகம் வாடக் கூடாதுன்னு என் பல்லை எடுத்துக் குடுத்தீங்க.” விளக்கு பச்சையாகி, பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த வருடமும் பெம்பானுக்குப் போனோம். அண்ணி தட்டை நீட்டி, “பல்லு சரியாயிருச்சா?” என்று கேட்டார்.

“பல்லே இல்ல அண்ணி. போன தீபாவளிக்கு இங்கதான் ஒடஞ்சுது. எனக்கு முறுக்கு வேணாம்.”

என் கணவர், “விடு லா அக்கா, அவளுக்கு வேணாம்” என்றார். ஒரு வருடம் தாமதமாக வந்த அந்த வார்த்தையால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அண்ணி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். முறுக்கை உடைத்துத் தேநீரில் போட்டு, அது ஊறியதும் கரண்டியால் அள்ளி வாயில் வைத்தார். என்னைப் பார்த்ததும் குவளையை மறைக்கப் பார்த்தார்.

“உங்களுக்கும் பல்லு இல்லையா?”

“கடவாய்ப் பல்லு ஒன்னும் இல்லம்மா. அப்பல்லாம் வலிச்சா புடுங்கிருவாங்க. அவ்வளவுதான்.”

“அப்புறம் எதுக்கு அண்ணி என்னைக் கடிக்கச் சொன்னீங்க?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “என் மாமியாரு என்னைக் கடிக்கச் சொன்னாங்க. ஒரு பக்கம் வீங்கியிருந்துச்சு. நான் வேணாம்னு சொல்லல. நீ வேணாம்னு சொன்னியா, எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.”

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. என் பல்லை உடைத்த மனுஷி அவர். அவருடைய பற்களை உடைத்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள், அவர்களிடம் போய்ச் சண்டை போட முடியாது. கோபத்தோடு நின்றுகொண்டு, “செட்டுப் பல்லு கட்டிக்கிட்டா என்ன?” என்று அதட்டினேன். கிளினிக்கில் மலாயில் எப்படிப் பேசுவது என்று தெரியாது என்றார்.

ஜனவரியில் லீவு போட்டு நானே அவரை அழைத்துப் போனேன். கணவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் நான் அண்ணியோடு சரியாகப் பேசவில்லை. டாக்டர் அவர் வாயைத் திறந்து பார்த்து, எத்தனை வருடமாக இப்படி என்று மலாயில் கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். “ரொம்ப வருஷமா” என்று நான்தான் மலாயில் பதில் சொன்னேன்.