ஓவியத்தின் பக்கவாட்டில் நின்றவர்

நான் ரயிலில் இருந்தபோது செய்தி வந்தது. பொங்கோலிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை ரயில். கதவோரம் நின்றிருந்தேன். ஓவியக்கூட வழிகாட்டிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி. யோகம் அக்கா இன்று அதிகாலை தவறிவிட்டார், மாரடைப்பு. அதற்கு மேலே, முந்தைய நாள் மாலை அவரே போட்ட செய்தி: "ஞாயிறு வாற ஆக்களை ஒரு சால்வை கொண்டுவரச் சொல்லுங்கோ. மூன்றாம் கூடத்தில ஏசிக் குளிர் கூட."

இரண்டையும் மாறி மாறிப் படித்தேன். இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சில வரிகள். யோகேஸ்வரி. முப்பது ஆண்டுகளுக்கு முன் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே, சிங்கப்பூருக்கு, வந்தவர். தஞ்சோங் பகாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. வீடு சுவா சூ காங்கில். வார இறுதிகளில் ஓவியக்கூடத்தில் தமிழில் சுற்றிக் காட்டும் தன்னார்வ வழிகாட்டி. நானும் அவரும் ஒரே பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம். எனக்கு இருபத்து நான்கு வயது, அவருக்கு ஐம்பத்து நான்கு. நான் பல்கலைக்கழகத்தில் படித்த கலைக் கோட்பாடுகளைச் சுமந்துகொண்டு போயிருந்தேன். அவர் ஒரு தண்ணீர்ப் போத்தலும் சால்வையும் கொண்டு வந்திருந்தார்.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஓவியத்தின் முன் வந்து நின்றதும் முதல் அரை நிமிடத்திலேயே பேச்சால் கூட்டத்தைப் பிடித்துவிட வேண்டும். தேர்வு நாளன்று அக்கா ஓவியத்தை மறைக்காமல் பக்கவாட்டில் போய் நின்றார். "முதல்ல பாருங்கோ. நான் எங்கயும் போகேல்லை" என்றார். அதன் பிறகு இரண்டு நிமிடம் பேசவில்லை. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் வேறு வழியின்றி ஓவியத்தைப் பார்த்தோம். மதிப்பெண் குறைந்தது. வெளியே வந்ததும் சொன்னார்: "இருபது வயசில எண்டா அழுதிருப்பன், பிள்ளை. இப்ப பசிக்குது. வாரும்."

சிரியா ஓவியர்களின் கண்காட்சி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. ஐந்து பேர். ஒருவர் டமாஸ்கஸிலேயே தங்கிவிட்டவர். மற்றவர்கள் பெய்ரூட், பெர்லின் என்று சிதறியவர்கள். எல்லோரும் போருக்குள் இருந்து வரைந்தவர்கள், அல்லது போரை விட்டு ஓடியபின் வரைந்தவர்கள். எண்ணெய் வண்ணம் கிடைக்காத மாதங்களில் ஒருவர் தேயிலைச் சாயத்தாலும் கரியாலும் வரைந்திருந்தார். இன்னொருவர் இடிந்த கட்டடங்களை மட்டுமே வரைந்தார். மனிதர்கள் இல்லை. சாம்பல் நிறம், அதற்குள் இன்னும் சாம்பல் நிறம்.

ஒரு ஞாயிறு, லிட்டில் இந்தியாவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கட்டுமானத் தொழிலாளர்கள். மழைக்கு ஒதுங்கத்தான் வந்தோம் என்று அவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். பெயர் தனபால், புதுக்கோட்டைப் பக்கம். அக்கா அவர்களை அந்தப் பெரிய சாம்பல் ஓவியத்தின் முன் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் போய் நின்றார். வழக்கமான இரண்டு நிமிடம்.

தனபால்தான் முதலில் பேசினார். "அக்கா, இதுல தூணு முதல்ல போயிருக்கு."

"எப்பிடித் தெரியும்?"

"ஸ்லாப் எல்லாம் உடையாம ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க. தோசை அடுக்குன மாதிரி. அப்புறம் இந்தக் கம்பி. படம் போடுறவன் சும்மா போட்டா நேரா நீட்டிவிட்டுருவான். இவரு வளைச்சிருக்காரு. இவரு கிட்ட நின்னு பாத்திருக்காருக்கா."

பின்னால் ஒருவர், "டேய், சூப்பர்வைசர் வந்துட்டாருடா" என்றார். சிரித்தார்கள். தனபால் சிரிக்கவில்லை. கையை ஓவியத்தில் படாமல் நீட்டி, மூன்றாம் தளத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க முக்கோணமா ஒரு சந்து விட்டுருக்காரு. ஆள் உயிரோட இருந்தா இங்கதான் இருக்கணும்."

நான் அந்த ஓவியத்தைப் பற்றி நான்கு கட்டுரைகள் படித்திருந்தேன். அந்த முக்கோணத்தை நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைக் காட்டினார். "இதை எனக்குக் காட்டினவர் தனபால் எண்டு ஒருத்தர். கட்டடம் கட்டுறவர்." ஒருமுறைகூட அந்தப் பெயரை விட்டதில்லை.

டமாஸ்கஸில் தங்கிவிட்டவர் கத்தரிக்காய் வரைந்திருந்தார். ஒரே மேசை, ஒரே கத்தரிக்காய், பதினொரு சிறிய ஓவியங்கள். முதலாவதில் பளபளக்கிறது. பதினொன்றாவதில் சுருங்கி, கறுத்து, காம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க வந்திருந்த ஒரு மென்பொருள்காரர் கேட்டார்: "மேடம், இதுல போர் எங்க இருக்கு? ரூம் மாத்தி மாட்டிட்டாங்களா?"

"கரண்ட் இல்லாத வீட்டில ஒரு கத்தரிக்காய் எத்தினை நாள் கிடக்கும் எண்டு இவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அக்கா. "கடைக்குப் போகேலாத நாளில அதைச் சாப்பிடாமல் வரைஞ்சிருக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதை அடிக்கடி சொல்வார். பணிவுக்காகச் சொல்வதாக நினைத்திருந்தேன்.

இனி என் தவறு. இதை எழுதாமல் மற்றவற்றை எழுத எனக்கு உரிமையில்லை.

கண்காட்சியின் கடைசி மாதம். தமிழ்ச் சுற்றுக்கு வழக்கமாக நான்கைந்து பேர் வருவார்கள். அந்தச் சனிக்கிழமை முப்பது பேருக்கு மேல். ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள், சில பெற்றோர்கள். பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். அக்காவை அறிமுகப்படுத்துவது என் வேலை. நான் சொன்னேன்: "இன்று நம்முடன் வருபவர் போரைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். வாழ்ந்து பார்த்தவர்."

கைப்பேசிகள் தாழ்ந்தன. கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் ஓவியத்தின் முன் அக்கா பக்கவாட்டில் போய் நின்றார். பேசவில்லை. ஆனால் யாரும் ஓவியத்தைப் பார்க்கவில்லை. முப்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கு எங்கே வலிக்கும் என்று தேடினார்கள். ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார்: "உங்க வீட்ல யாராச்சும்...?"

"இந்தப் படம் ரெண்டு மீற்றர் நீளம்" என்றார் அக்கா. "துணியில கரியும் பசையும்."

அடுத்த ஓவியம். "ஒண்டரை மீற்றர். காகிதம், தேயிலைச் சாயம்."

நாற்பது நிமிடம். அளவு, பொருள், அளவு, பொருள். சாம்பல் ஓவியத்தின் முன்னால் வந்தபோது மட்டும் தனபாலின் பெயரைச் சொன்னார். கூட்டம் கரைந்தது. முடிவில் ஒன்பது பேர்.

பொருட்கள் வைக்கும் அறையில் சால்வையை மடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீர் என்னையும் சுவரில மாட்டிப்போட்டீர், பிள்ளை."

"நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன்."

"ஓம். எல்லாரும் நல்லதுக்குத்தான்."

அதற்குப் பிறகு ஏழு வாரம் பேசவில்லை. முறைப் பட்டியலில் என் பெயர் இருந்த நாட்களை மாற்றிக்கொண்டார். கண்காட்சி முடிந்தது. ஓவியங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். மூன்று முறை மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்றிலும் என் கல்லூரிக் கட்டுரைகளின் வாடை. அனுப்பவில்லை.

எட்டாவது வாரம் அவரே அழைத்தார். தேக்கா உணவங்காடி, ஞாயிறு பதினொரு மணி. சந்தைப் பைகளோடு வந்தார். எனக்கும் சேர்த்து நுரை ததும்பும் தே தாரிக் தேநீர் வாங்கி வைத்தார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

நல்ல பதில்கள் நிறைய வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "யாரும் கேக்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன்க்கா. ஃபோன பாத்துட்டே நின்னாங்க."

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அதுக்கு என்னட்டைச் சொல்லியிருந்தால் ஒரு டான்ஸ் ஆடியிருப்பன் லா."

முப்பது ஆண்டு சிங்கப்பூர் அந்த 'லா' என்ற ஒற்றை எழுத்தில் ஒட்டியிருந்தது. நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் டிஷ்யூவை நகர்த்தி வைத்தார்.

"எனக்குக் கோவம் நீர் சொன்னதில இல்லை, பிள்ளை. ரெண்டரை வருசமாப் பழகுறம். நீர் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை. கேக்காமலே தெரியும் எண்டு சொல்லிப்போட்டீர்."

உண்மை. அவர் பிறந்த ஊரும் வந்த ஆண்டும் தெரியும். இரண்டையும் கூட்டி நானே ஒரு போரைச் செய்து அவருக்குப் போர்த்தியிருந்தேன். ஐந்து சிரியா ஓவியர்களிடமும் அதையேதான் செய்தேனோ என்று அப்போது தோன்றியது. கத்தரிக்காயைக் கண்டதும் துயரம் என்று எழுதிக்கொண்டவள் நான். அக்கா அது எத்தனை நாள் கிடக்கும் என்று பார்த்தார்.

"இப்ப கேளும்" என்றார்.

கேட்டேன்.

சொன்னார். பக்கத்து மேசையில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீன் கடைப் பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவும் சத்தம். அவர் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. முடித்ததும் பைகளில் ஒன்றை என்னிடம் தந்து, "இதைப் பிடியும், பஸ் வரைக்கும் வாரும்" என்றார். நிறுத்தத்தில் நின்றபோது வேறு எதையோ கதைத்தோம். அடுத்த கண்காட்சி, அவர் மகளின் புது வேலை. இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லலாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பின் ஒன்றரை ஆண்டுகள் சேர்ந்து சுற்றுக்குப் போனோம். அவர் ஓவியத்தின் இடப்பக்கம், நான் வலப்பக்கம். கூட்டம் குறைவாகத்தான் வந்தது. இரண்டு பேருக்குக்கூடச் செய்திருக்கிறோம்.

மண்டாயில் தகனம் முடிந்த மறுநாள் இந்த அஞ்சலி மலரின் பொறுப்பாளர் அழைத்தார். அன்பானவர். உங்களுக்குத்தான் அக்காவை நெருக்கமாகத் தெரியும், அவருடைய போர் அனுபவத்தை இரண்டு பத்தி எழுதுங்கள், வாசிப்பவர்களுக்கு அதுதான் மனதில் நிற்கும் என்றார். சரி என்றேன். வீட்டில் உட்கார்ந்து எழுதவும் செய்தேன். இரண்டு பத்தி. நன்றாகவே வந்திருந்தது. என் எழுத்தில் இதுவரை வந்தவற்றில் அதுவே சிறந்ததாக இருக்கலாம். படிப்பவர்கள் அழுவார்கள். அழுதபடி என்னைப் பாராட்டுவார்கள்.

அழித்துவிட்டேன்.

தேக்காவில் அவர் பேசியது இருபது நிமிடம் இருக்கும். ஒருவரின் பெயர், ஒரு சாலையின் பெயர், அவர் திரும்பிப் பார்க்காத ஒரு திசை. அது என்னிடம் இருக்கிறது. நான் கேட்டதால் எனக்குச் சொன்னார்.