அகப்பைத் தாடை

ஓக்ரானுக்கு நாற்பத்து மூன்று வயது. தேஜோன் நகரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சமையல்கூடத்தில் பதினோரு வருடமாக நானூறு பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிறாள். அவளுடைய கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே நீண்டிருந்தது. எங்கள் ஊரில் இதற்கு அகப்பைத் தாடை என்று பேர். சமையல்காரிக்கு இந்தப் பேர் வாய்த்தால் கேட்கவா வேண்டும்! தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள், “பெரிய அகப்பை எதுடா, கையில இருக்கிறதா, மூஞ்சியில இருக்கிறதா?” என்று காதுபடவே பேசும்.

அந்தப் பேச்சையெல்லாம் அவள் சின்ன வயதிலேயே செரித்துவிட்டாள். செரிக்காதது சோறுதான். வாயை மூடினால் கடைவாயில் இரண்டு பற்கள் மட்டும் சேரும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது; நடுவில் சுண்டுவிரல் நுழையும். நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டித்தான் விழுங்குவாள். பாதி மென்றதை விழுங்கி விழுங்கி வயிறு புண்ணாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் காலை கொட்டாவி விட்டவளுக்குத் திறந்த வாய் மூடவில்லை. எச்சில் ஒழுக ஒழுக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். “மேல் எலும்பை அறுத்து முன்னாடி கொண்டுவருவோம். கீழ் எலும்பை ரெண்டு பக்கமும் அறுத்துப் பின்னாடி தள்ளுவோம். தகடும் திருகும் வச்சு இறுக்கிடுவோம். ஆனா முதல்ல ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கம்பி போடணும். இத்தனை வருஷம் பல்லெல்லாம் சாய்ஞ்சு சாய்ஞ்சு சமாளிச்சிருக்கு. அது நேரா நின்னாத்தான் எலும்பை எங்க வைக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் தாடை இன்னும் நீண்ட மாதிரி தெரியும், பயந்துடாதீங்க.”

அவர் சொன்னபடியே ஆனது. கம்பி போட்டுப் பல் நேராக நேராகத் தாடை இன்னும் துருத்தியது. அழகுக்காக ஒருத்தி இதைச் செய்வாளா என்று யாராவது யோசித்தார்களா? யோசிக்கவில்லை. அவளோடு வேலை செய்யும் பில்சூன் ஒருத்திதான் யோசித்தாள். அவளும் முதலில் கேலி செய்துவிட்டுத்தான் யோசித்தாள்.

“ஏன்க்கா, சிரமப்பட்டுக் கம்பி மாட்டி அசிங்கமாயிட்டு வர்ற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். முகராசி பார்க்கிறவங்க என்ன சொல்றாங்க? தாடை பெருசா இருந்தா வயசான காலத்துல அதிர்ஷ்டமாம். அதைப் போய் அறுத்துக்கிறியே!”

“வயசான காலம் வரைக்கும் உசுரோட இருக்கணும்ல? அதுக்குத் திங்கணும்ல?”

பில்சூன் அதற்கப்புறம் கேலி பேசவில்லை.

அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. எட்டு வாரம் வேலைக்கு வர முடியாது. நோய் விடுப்பு என்றால் வேலை அவளுடையதாகவே இருக்கும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவாள். டாக்டர் சான்றிதழோடு விண்ணப்பத்தை எழுதி, பள்ளியின் நிர்வாக அதிகாரி தோவிடம் கொடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் ‘தாடை அறுவை’ என்று எழுதியிருந்தாள். தோ அதைப் படித்தார், சிரித்தார், பேனாவை எடுத்து அடித்துவிட்டு மேலே ‘அழகு’ என்று எழுதினார். எழுதினாரே பாருங்கள்! இந்த நாட்டில் தாடையை அறுக்கிறவர்கள் எல்லாரும் கண்ணாடிக்காகத்தான் அறுக்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு யார் சொன்னது?

“ஐயா, நான் மெல்ல முடியாம செய்துக்கிறேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கம்மா. என் மச்சினிகூட அழகுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. லீவா கேட்டா?”

“டாக்டர் எழுதியிருக்காரே.”

“அறுக்கிறவரே எழுதித் தந்தா அவரா வேணாம்னு எழுதுவாரு? இந்த வயசுல முகத்துல கை வைக்கணும்னு ஆசை வந்திருக்கு, வரட்டும், தப்பில்ல. ஆனா அதுக்கு நோய் விடுப்பு கிடையாது.”

ஓக்ரான் சமையல்கூடத்துக்குத் திரும்பினாள். அன்றைக்குப் புதன்கிழமை. பள்ளியில் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டிய நாள், அதனால் பிள்ளைகளுக்குப் பிடித்த கல்குக்சு, கத்தியால் வெட்டிய நூடுல்ஸ் குழம்பு. நூடுல்ஸ் மாவை ஆத்திரத்தோடு ஓங்கி ஓங்கித் துண்டு போட்டாள்.

மதியம் தோ ஆசிரியர்களோடு உட்கார்ந்து கிண்ணத்தை இழுத்தார். ஓக்ரான் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் போய் நின்றாள். கையில் நூடுல்ஸ் சாப்பிடும் மரக்குச்சி ஜோடி ஒன்று, ஒரு முனை ஒட்டியபடி. பட்டென்று இரண்டாகப் பிரித்தாள்.

“ஐயா, இதை ரெண்டு பக்கமும் கடைவாயில வச்சுக் கடிங்க.”

“என்னம்மா இது?”

“கடிங்க. ஒரு கிண்ணம் சாப்பிடுற நேரம்தான். நான் நாற்பத்து மூணு வருஷம் கடிச்சிருக்கேன்.”

எல்லாரும் பார்க்கிறார்கள், மறுத்தால் மானம் போகும். தோ குச்சிகளைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். முன்பற்கள் விலகி நின்றன. நூடுல்ஸை உறிஞ்சினார். கடித்தார். அறவில்லை. மறுபடி கடித்தார். முழு நூடுல்ஸும் கிண்ணத்திலிருந்து உதட்டுக்குக் கயிறு கட்டியதுபோலத் தொங்கியது. குழம்பு டையில் சொட்டியது. விழுங்கப் போய்ப் புரையேறிக் கண்ணில் நீர் வந்தது. கணக்கு வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பேசிப் பாருங்க, ஐயா. ‘சாப்பாடு சூடா இருக்கு’ன்னு சொல்லுங்க.”

“ஹாப்பாவு ஹூவா இவுக்கு.”

“போனில என்னை எத்தனை தடவை ‘என்ன சொல்றே, சரியாப் பேசு’ன்னு அதட்டியிருக்கீங்க?”

தோ குச்சிகளைத் துப்பினார். முகம் சிவந்து போயிருந்தது. அன்று மாலை விண்ணப்பம் நோய் விடுப்பாகவே கையெழுத்தாகி வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. விழித்தபோது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையங்கள் இழுத்துக் கட்டியிருந்தன. முகம் தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. பல வாரம் கஞ்சித் தண்ணீர்தான். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கன்ன ஓரமாக உள்ளே தள்ளுவாள். ஒன்பது கிலோ குறைந்தாள். எலும்பு சேர்ந்தது. பல்லும் பல்லும் பொருந்தின. ஆனால் கீழ் உதடும் தாடையும் மரத்துப்போயின. நரம்பு எலும்புக்குள்ளேயே ஓடுகிறதாம்; உணர்ச்சி திரும்பலாம், சிலருக்கு முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் இருந்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று பள்ளிக்கூடமே வாயைப் பிளந்தது. “அடேயப்பா, அழகாயிட்டீங்க!” “பத்து வயசு குறைஞ்சிடுச்சு!” “எந்த ஆஸ்பத்திரி?” காலையிலிருந்து இருபது பேர் சொன்னார்கள். இப்போது என்ன சாப்பிட முடிகிறது என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. பில்சூன் மட்டும் சோற்றை நன்றாகக் குழைத்து அவள் முன்னால் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஓக்ரான் கைகழுவுமிடத்துக் கண்ணாடி முன்னால் நின்றாள். அந்த வழியாக வந்த தோ சிரித்தார்.

“கண்ணாடியை விட்டு நகர மனசு வரலியா? வராது, வராது. ஒத்துக்குங்க, அழகுக்கும் சேர்த்துத்தானே?”

அவள் திரும்பினாள்.

“ஐயா, என் தாடையில சோறு ஒட்டியிருக்கா?”

“என்ன?”

“எனக்குத் தெரியாது. தொட்டாலும் தெரியல, சுட்டாலும் தெரியல. இந்தக் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

தோ பார்த்தார். “ஒண்ணு இருக்கு” என்றார்.

அவள் துடைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.”

மறுபடி துடைத்தாள்.

“இல்லம்மா, இன்னும் இருக்கு” என்றார் தோ, மெதுவாக.