மச்சானின் நாலு சக்கரம்

எங்கள் தீவில், சிங்காதோக்கா ஆற்றின் மேல்கரையில் எமோசியின் வண்டியைத் தெரியாத ஆள் கிடையாது. வண்டி வருவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிடும். சைலன்சரில் ஓட்டை விழுந்தபோது மீன் டப்பாவைத் தட்டி விரித்து, சுற்றிக் கம்பி கட்டியவன் எமோசி. பெட்ரோல் டாங்கு கசிந்தபோது துணி சோப்பைக் குழைத்து அடைத்து, அதோடு பதினொரு மாதம் ஓட்டியவனும் அவனே. பொய் இல்லை. பார்த்த கண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன். கரும்புக்காட்டில் டிராக்டரோடு ஓடினான், மரமில்லில் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டான். எஞ்சின் என்றால் என்ன என்று எவனும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றினான், பார்த்தான், மாட்டினான். அவ்வளவுதான் அவன் படிப்பு. இந்த ஸ்டேஷன் வேகனும் அப்படி வந்ததுதான். டவுனில் வெள்ளம் புகுந்த வருஷம் சேற்றில் முழுகி, காப்பீட்டுக்காரர்கள் குப்பை என்று கைகழுவிய வண்டி. இரண்டு பன்றி விற்ற காசில் வாங்கி வந்தான். ஐந்து மாதம் காயவைத்து, ஆறாம் மாதம் கிளப்பினான். படித்து வந்த மெக்கானிக்குகள் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷமாக வண்டி ஓடுகிறது. சிரித்தவர்களில் இரண்டு பேர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

சந்தை நாட்களில் விடியற்காலையில் ஏழெட்டுப் பெண்கள் மரவள்ளியும் கத்தரியும் கீரைக்கட்டுமாக வந்து நிற்பார்கள். அவர்களைச் சந்தையில் இறக்கிவிட்டு, மாலையில் வெறுங்கூடையோடு திருப்பிக் கொண்டுவருவான். சில்லறை இருந்தால் சில்லறை, இல்லையென்றால் ஒரு கட்டு கிழங்கு. பெட்ரோல் போக அதில் கராஜுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? கராஜ் வாசலை மிதித்ததே இல்லை என்பதை எமோசி ஒரு பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தான்.

ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் எஃப்.சி. என்று வண்டிப் பரிசோதனை ஒன்று வரும். அங்கே சோப்பு, மீன் டப்பாவெல்லாம் செல்லாது. டயரைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார்கள். எமோசியின் டயர்கள் நாலும் மொட்டை. புது டயர் நாலு என்பது அவனுக்கு ஆறு மாதப் பிழைப்பு. அதனால் மேல்கரையில் எல்லாரும் செய்வதையே அவனும் செய்வான். நல்ல டயர் இருக்கிற வீட்டுக்குப் போய், சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு, பாஸ் வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது.

அவனுக்கு அந்த வீடு கமினியேலியின் வீடு. கமினியேலி அவனுக்கு அத்தை மகன். அது போதாது என்று எமோசியின் கூடப்பிறந்த தங்கை வசேமதாவைக் கட்டியவன். இரட்டை மச்சான். அவனிடமும் அதே கம்பெனி வேகன் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுப்பான். நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போன மகன் அனுப்பிய பணத்தில் நாலும் புது டயர். மச்சான் கேட்டு மச்சான் இல்லை என்று சொன்னதாக எங்கள் பக்கம் கதையே கிடையாது. திட்டலாம், கேலி பண்ணலாம், மானத்தை வாங்கலாம். மறுக்க மட்டும் கூடாது.

அந்த வருஷம் கடைசித் தேதி ஒரு புதன்கிழமையில் வந்தது. அன்றைக்குப் பாஸ் ஆகாவிட்டால் மறுநாளிலிருந்து வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. எமோசி இருட்டோடு இருட்டாக மச்சான் வாசலில் வண்டியை நிறுத்தி ஜாக்கியை இறக்கினான்.

"எவன்டா அது, விடியறதுக்குள்ள திருட வந்தது?" என்று உள்ளேயிருந்து கமினியேலியின் குரல்.

"நான்தான் மச்சான். பகல்ல வந்தா உன் மூஞ்சியைப் பார்க்கணுமே."

"என் மூஞ்சிக்கு என்னடா? உன் டயர் மாதிரி மொட்டையா? அதுல முடியாச்சும் இருக்கு." கமினியேலி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். "போன வருஷம் வாங்கிட்டுப் போயி ஒண்ணுல ஆணியோட கொடுத்தவன்தானே நீ?"

"ஆணிக்குக் காசு கேட்டேனா உன்கிட்ட?"

இருவரும் சிரித்தார்கள். கமினியேலியின் வண்டி ஒவ்வொரு பக்கமாக ஏறிக் கல்லின்மேல் உட்கார்ந்தது. சக்கரம் நாலும் கழன்றன. எமோசியின் நட்டுகளில் புரி தேய்ந்து போயிருந்ததால், மச்சானுடைய நட்டுகளையும் எடுத்துக்கொண்டு தன்னுடையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மொட்டைச் சக்கரங்கள் நாலும் தரையில் கிடந்தன.

"அதை எனக்கு மாட்டிட்டுப் போடா. வண்டி அம்மணமா நிக்குது."

"அரை நாளுக்கு எதுக்கு மச்சான்? மாட்டுறது, மறுபடி கழட்டுறது. மதியச் சோத்துக்கு வந்துருவேன்."

"வரலேன்னா, போன் அடிச்சே உன் காதைக் கிழிச்சுருவேன், பாத்துக்க."

வழக்கமாக இந்த நேரத்துக்கு எலுமிச்சை இலைத் தேநீர் வந்துவிடும். வசேமதா போட்டுப் புருஷன் கையில் கொடுத்தனுப்புவாள். பெரியவர்களான நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அதுதான் எங்கள் மரியாதை. சொல்ல வேண்டியது எதுவானாலும் கமினியேலி வழியாகத்தான் போகும், வரும். அன்றைக்குத் தேநீர் வரவில்லை. சமையல் கொட்டகையில் அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது எமோசியின் ஓரக்கண்ணில் பட்டது. கண்ணைத் திருப்பிக்கொண்டான். தங்கையை உற்றுப் பார்ப்பவன் என்ன அண்ணன்?

"என்னடா, இன்னிக்குத் தேத்தண்ணி இல்லையா? டயருக்கு வாடகையா அது?"

கமினியேலி திரும்பிப் பார்த்தான். கொட்டகைக்குள் போனான். உள்ளே மெல்லிய பேச்சு கேட்டது. திரும்பி வந்து, "அடுப்பு புகையுதாம். நீ கிளம்பு, நேரமாச்சு. மதியத்துக்குள்ள வந்துருவேல்ல?" என்றான்.

"வந்துருவேன்னா வந்துருவேன்."

ஜாக்கியையும் ஸ்பேனரையும் பின்னால் போட்டுக்கொண்டு எமோசி போய்விட்டான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரே ஜாக்கிதான்.

டவுனில் வரிசை நீளமாக இருந்தது. பத்தரை மணிக்கு அவன் முறை வந்தது. பரிசோதகர் சின்ன வயதுக்காரர். டயரைக் குனிந்து பார்த்தார், தலையாட்டினார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், தலையாட்டினார். ஹெட்லைட்டுக்கு வந்தார்.

"வலது பக்க லைட்டுக்குள்ள தண்ணி நிக்குது அங்கிள். மீன் வளக்கலாம் போல. மாத்திட்டு மூணு மணிக்குள்ள வாங்க. இல்லேன்னா நாளைக்குக் கொஞ்சம் அபராதத்தோட பாத்துக்கலாம்."

"நாளைக்கா? நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து எஞ்சின் பிரிக்கிறவன் நான். இன்னிக்கே பாஸ் பண்ணிக் காட்டுறேன், பாரு."

அப்போதே திரும்பியிருந்தால் பன்னிரண்டு மணிக்கு ஊரில் இருந்திருப்பான். எமோசியின் வண்டி ரக்பீரின் காயலான் கடைக்குத் திரும்பியது.

ரக்பீர், குவித்துப் போட்ட கார்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க பெரிய இஞ்சினியர்! சோப்பு வாங்கவா, மீன் டப்பா வாங்கவா?"

"உன் கடையில ஏதாச்சும் எரியுற லைட் இருக்கா, இல்ல நீ ஒருத்தன்தான் எரியுறியா?"

நசுங்கிப் போன ஒரு வேகனின் வலது ஹெட்லைட் முழுசாக இருந்தது. ரக்பீர் ஒரு விலை சொன்னான், எமோசி ஒரு விலை சொன்னான். வாய்ச்சண்டை முற்றி, கவா வேர்ப்பொடியைக் கரைத்து ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்து, கடைசியில் அடுத்த வாரம் ஒரு மூட்டை மரவள்ளி என்று முடிந்தது. லைட்டைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது. நட்டெல்லாம் துரு.

போன் வண்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. ரக்பீர்தான் எட்டிப் பார்த்தான். "யாரோ கமினியேலியாம். ஏழெட்டுத் தடவை அடிச்சிருக்கான்."

எமோசி முழங்கை வரை கிரீஸோடு சிரித்தான். "என் மச்சான்டா. காலையிலயே சொன்னான், போன் அடிச்சே காதைக் கிழிப்பேன்னு. நாலு டயருக்கு எப்படித் துடிக்கிறான் பாரு! அடிக்கட்டும். எடுக்காதே."

ரக்பீரும் சிரித்தான். போன் இன்னும் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

மூணுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எமோசி மறுபடி பரிசோதகரின் முன்னால் நின்றான். லைட் எரிந்தது. பேப்பரில் முத்திரை விழுந்தது. ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. மச்சானின் வாயை அடைக்க இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி மேல்கரை ரோட்டில் ஏறினான்.

பாதி வழியில், எதிரே மணல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பின்னால் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவே கமினியேலி குந்தியிருப்பதை எமோசி பார்த்துவிட்டான். என்னைத் தேடி லாரி பிடித்துப் புறப்பட்டுவிட்டானா இவன் என்று நினைத்து, ஹாரனை நீளமாக அழுத்தி, முத்திரை விழுந்த பேப்பரை ஜன்னலுக்கு வெளியே கொடி மாதிரி ஆட்டினான்.

"பாஸ் மச்சான், பாஸ்!"

கமினியேலி தலையைத் தூக்கவில்லை. நின்றிருந்தவர்களில் ஒருவரும் கையாட்டவில்லை. லாரியும் நிற்கவில்லை.

புழுதி அடங்கும்வரை எமோசி வண்டியை ஓரமாக நிறுத்தி அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு ஊருக்கு விட்டான். மச்சான் வீட்டு வாசலில் வண்டி கல்லின்மேல் நின்றது. சமையல் கொட்டகையில் அடுப்பு எரியவே இல்லை. பக்கத்து வீட்டு லூசியானா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கே போயிட்டே எமோசி? பத்து மணிக்கு உன் தங்கச்சி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டா. கார் கல்லு மேல நிக்குது. ஆம்பிளைங்க தூக்கி, உன் மொட்டைச் சக்கரத்தையாவது மாட்டலாம்னு பார்த்தாங்க. நட்டு ஒண்ணுகூட இல்ல. சிக்னலுக்காக மலை மேல ஏறிப் போன் அடிச்சான் உன் மச்சான். நீ எடுக்கல. கதவுப் பலகையில படுக்க வெச்சு ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. இன்னிக்குச் சந்தை இல்ல, ஒரு வண்டி வரல. அந்த மணல் லாரி இப்பத்தான்…"

எமோசியின் கை சட்டைப்பைக்குப் போனது. புரி தேய்ந்த நட்டுகள் அங்கே கனத்தன.

அந்த வண்டி அவ்வளவு வேகமாக அதற்கு முன்னால் ஓடியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் துணியை முகத்தின் மேல் இழுத்து மூடப் போனாள். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு எமோசி தன் தங்கையின் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தான். கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

அவளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் அவன் வண்டிதான். வேறு வண்டி கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள், எமோசி இரண்டு பெரியவர்களோடும் ஒரு திமிங்கிலப் பல்லோடும் மச்சான் வீட்டுக்குப் போனான். குற்றம் செய்தவன் அப்படித்தான் போகவேண்டும். வாசல் பாயைத் தாண்டாமல் தலை குனிந்து உட்கார்ந்தான். பெரியவர் ஒருவர் அவனுக்காகப் பேசி மன்னிப்புக் கேட்டார். கமினியேலி இரண்டு கையாலும் பல்லை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னான். மனசில் ஒன்றும் இல்லை, இத்தோடு போயிற்று என்றான். பெரியவர்கள் கவாவைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

எமோசி எழவில்லை.

"திட்டுடா மச்சான். ஒரு வார்த்தை திட்டு."

"கேட்டீங்க, கொடுத்தேன். இதுல திட்டுறதுக்கு என்ன இருக்கு?"

இவனா தன்னை 'நீங்க' என்கிறான் என்று எமோசி தலையைத் தூக்கிப் பார்த்தான். கமினியேலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் காலையில உள்ள போனப்ப, அவ என்ன சொன்னா?"

கமினியேலி பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த நாரை இழுத்தான்.

"ராத்திரியிலிருந்தே கையில வலின்னா. நான் சொன்னேன், வண்டிச் சக்கரத்தை மாட்டச் சொல்லிட்டு வரேன், முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு. அவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எங்கண்ணனுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள், வண்டி நின்னுட்டா அவன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான், மதியம் வரைக்கும் நான் தாங்குவேன், அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதேன்னா. மச்சானுக்கு இல்லேன்னு சொல்ல எனக்கும் வாய் வரல."

எமோசி பாயில் நெற்றியை வைத்தான். அவன் முதுகு குலுங்கியது. கமினியேலி அவனைத் தொடவில்லை, எழுந்தும் போகவில்லை.

மறுநாள் சக்கரங்களைத் திருப்பி மாட்டுவதற்காக எமோசி ஜாக்கியோடு வந்தான். கமினியேலி வாசலிலேயே நிறுத்திவிட்டான். "இருக்கட்டும். நீங்களே வெச்சுக்குங்க. நான் எங்க போகப் போறேன்?" எமோசி எவ்வளவோ மன்றாடினான். கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எங்கள் வழக்கம் இல்லை என்றான் கமினியேலி. இத்தனை வருஷமும் வாங்கிக்கொண்டவன்தான் அவன்.

இன்றைக்கும் எமோசிதான் சந்தைக்கு வண்டி விடுகிறான். பெண்களை ஏற்றிக்கொண்டு விடியலில் மச்சான் வீட்டு வாசலுக்கு வரும்போது எஞ்சினை அணைக்காமல் நிறுத்துவான். கமினியேலி வேலியோரம் நிற்பான். உடம்பு மெலிந்துவிட்டது.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்று கையைத் தூக்குவான்.

"சரி மச்சான்" என்பான் எமோசி. சொல்லிவிட்டும் கிளம்பமாட்டான். இன்னும் ஏதாவது சொல்வானா என்று, திட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். பின்னாலிருந்து பெண்களில் ஒருத்தி மெதுவாக, "சந்தைக்கு நேரமாகுது அண்ணே" என்று சொன்ன பிறகுதான் கியர் போடுவான்.